தண்ணியில்லாக் காடும் பவளப்பாறையும்

பள்ளிகளுக்குப் பேசப் போனால் நான் முதலில் கேட்பது, தனுஷ்கோடி போயிருக்கிறீர்களா என்பதுதான். எல்லாக் கையும் மேலே போகும். 1964 புயலில் இடிந்த அந்தத் தேவாலயச் சுவரைத் தடவிப் பார்த்தீர்களா, சின்னச் சின்ன ஓட்டையாக, பூப்பூவாக இருக்குமே, அது என்ன என்றால், "கல்லு சார்" என்று ஒரே குரலில் பதில் வரும். பிள்ளைகளைச் சொல்லி என்ன, கடலுக்குள் பவளம் கணக்கெடுக்க என்னைப் படகில் கூட்டிப்போகும் அண்ணனே, "கல்லை எண்ணுறதுக்கா சார் சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டவர்தான்.

கல் இல்லை, பவளத்தின் கூடு. பெரும்பாலும் சில மில்லிமீட்டர் அளவே இருக்கும், கடல் சொறிக்கு (ஜெல்லி மீன்) உறவுக்கார உயிர் ஒன்று, தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பை எடுத்துத் தன் காலடியில் கட்டிக்கொண்ட வீடு. அந்த உயிரின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் சமைக்கிறது, பவளம் அதைச் சாப்பிடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வெயில் வேண்டும் என்பதால் ஆழம் ஆகாது. பாறை கட்டும் பவளம் பெரும்பாலும் 50 மீட்டருக்குள்தான், நம் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அதற்கும் வெகு குறைவாகச் சில மீட்டரிலேயே கிடக்கிறது. அதே காரணத்தால் கலங்கலும் ஆகாது, நல்ல தண்ணீர் அதிகம் கலந்து உப்பு குறைந்தாலும் தாங்காது.

இங்கேதான் நம் ஊர்க் கதை வருகிறது. ராமநாதபுரத்தைத் 'தண்ணியில்லாக் காடு' என்று திட்டாத அரசு ஊழியர் உண்டா? வைகை கூட பெரும்பாலான வருடம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. காவிரி மாதிரி ஒரு பேராறு வண்டலை வாரிக்கொண்டு வந்து இந்தக் கடலில் கொட்டியிருந்தால் மன்னார் வளைகுடாவில் இத்தனை பவளம் வளர்ந்தே இருக்காது. நாம் சபிக்கிற வறட்சிக்கும் இதில் பங்குண்டு.

சந்தேகமிருந்தால் மண்டபம் ஊருக்கு வாருங்கள். வடக்கே பாக் விரிகுடா, நம் ஆட்கள் சொல்லும் பெண் கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடலில் இறங்கினால் முகமூடிக்கு முன்னால் நீட்டிய என் கையே எனக்குத் தெரியாது, அளவு நாடாவை விரித்துவிட்டு அதன் மறுமுனையைத் தேடித் தடவிக்கொண்டு போயிருக்கிறேன். அன்றைக்கே தெற்கே போனால் அடிமணல் பளிச்சென்று தெரியும். அங்கே மான்கொம்பு மாதிரி கிளைத்த பவளங்கள் நிறைய. வடகடலில் குண்டுகுண்டான, சேற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும் வகைகள்தான் அதிகம். சேறு படிந்தால் பவளம் கோழையைச் சுரந்து தள்ளிவிடப் பார்க்கும், ஆனால் தினமும் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருந்தால் வீடு எப்போது கட்டுவது? இழுவை மடி (இழுவை வலை) கடலடியைக் கிளறும்போது எழும் சேறும், ஊர்ச் சாக்கடையும் ஆறு செய்யாததைச் செய்துகொண்டிருக்கின்றன.

சூடு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 23 முதல் 29 டிகிரி வரை பவளத்துக்குச் சுகம். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி ஏறிச் சில வாரம் அப்படியே நின்றால் போதும், பவளம் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். 2010இலும் 2016இலும் இங்கே அப்படித்தான் ஆனது. வெளுத்ததெல்லாம் செத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பிழைத்துக்கொள்ளும். ஏற்கெனவே சேற்றோடு மல்லுக்கட்டிச் சோர்ந்துபோனது பிழைப்பதுதான் கஷ்டம்.

அப்புறம் கெட்டியான தரை. பவளக் குஞ்சு நீந்தி வந்து ஒட்டிக்கொள்ளப் பாறையோ பழைய பவளமோ வேண்டும், மணலிலும் சேற்றிலும் ஒட்டாது. அந்தத் தரையைத்தான் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் படகு படகாக வெட்டி எடுத்தோம். இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன, அலையைத் தடுத்து நின்ற பாறையை வெட்டியதற்கு அதில் பெரிய பங்கு. குண்டுப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிய விஷயம். கால்பந்து அளவு ஒன்றைப் பார்த்தால் அதற்குப் பத்து வயதாவது இருக்கும்.

2001இலிருந்து பாறை கட்டும் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கும் அதே இடம். ஆகவே ராமேஸ்வரம் பக்கம் யாராவது அழகுக்கு என்று வெள்ளைத் துண்டைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள். படகுக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நங்கூரத்தைப் பவளப்பாறைக்கு வெளியே மணலில் போடுங்கள். நம் அண்ணன் இப்போது அப்படித்தான் போடுகிறார், "போதுமா சார், உங்க கல்லு தப்பிச்சுச்சா?" என்று கேட்டுக்கொண்டே.