விபத்துக்குப் பிறகு சாலையையும் விசாரிக்க வேண்டும்

விபத்து நடந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, யார் மேல் தப்பு என்பதுதான். வழக்குக்கும் இழப்பீட்டுக்கும் அந்தக் கேள்வி வேண்டும். அடுத்த விபத்தைத் தடுக்க அது போதாது. அதே இடத்தில், அதே மாதிரி, வேறொரு ஆள் வந்து அடிபடும்போது அந்த இடத்தையும் விசாரிக்க வேண்டியிருக்கிறது. விசாரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் உள்ளாட்சி அமைப்புக்குத்தான்.

போக்குவரத்துப் பொறியாளராக உள்ளாட்சிகளோடு சேர்ந்து வேலை பார்க்கிறேன். உள்ளாட்சி ஓட்டுநர் உரிமம் கொடுப்பதில்லை, வண்டியின் பிரேக்கைச் சோதிப்பதில்லை. ஆனால் சாலையின் அகலம், தெருவிளக்கு, பாதசாரிகள் கடக்கும் இடம், பஸ் நிறுத்தம், பார்க்கிங், திருப்பத்தின் வளைவு என்று பல விஷயங்கள் அதன் கையில் இருக்கின்றன. ஓட்டுநர் என்ன வேகத்தில் போகத் துணிகிறார், எதைப் பார்க்கிறார், எதைப் பார்க்க முடியாமல் போகிறது என்பதையெல்லாம் பெருமளவு தீர்மானிப்பது இவைதான். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, தங்கள் சாலைகளில் நடக்கும் விபத்துகளை ஆராய்ந்து தடுப்பு நடவடிக்கை எடுப்பதை உள்ளாட்சிகளின் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. அப்படி ஒரு கடமை எல்லா நாட்டிலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 11.9 லட்சம் பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், டூவீலரில் போனவர்கள். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பதும் இதுதான்.

சரி, உள்ளாட்சி எப்படி வேலை செய்கிறது? நன்றாகச் செய்யும் இடங்களில் முதல் வேலை மேஜையில்தான் தொடங்கும். காவல்துறைப் பதிவுகளை எடுத்து, ஒரு சந்திப்பில் சில வருடங்களாக நடந்த விபத்துகளையெல்லாம் ஒரே வரைபடத்தில் அம்புக்குறிகளாகப் போடுவோம். எந்தத் திசையில் வந்த வண்டி, எதன் மேல் மோதியது, பகலா இரவா, மழையா வெயிலா. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் தற்செயலாகத் தெரியும். ஒன்றாகப் போட்டால் அம்புகள் ஒரே இடத்தில் கொத்தாக விழும். காவல்துறைக்குப் போகாத விபத்துகளும் உண்டு. அவற்றுக்கு மருத்துவமனைப் பதிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் அடிபட்ட சம்பவங்கள்தான் அதிகம் பதிவாகாமல் போகின்றன.

ஒரு நேர்சாலையின் கோப்பில் ‘பாதசாரி கவனமின்றிக் கடந்தார்’ என்ற வரி திரும்பத் திரும்ப இருந்தது. வரைபடம் போட்டதும் அம்புகள் எல்லாம் ஜீப்ரா கிராசிங்கை விட்டு நன்றாகத் தள்ளி, ஒரே இடத்தில் விழுந்தன. நேரமும் ஏறக்குறைய ஒன்று, மாலை இருட்டியதும். அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றோம். பஸ் வந்து நிற்கிறது. இறங்கியவர்கள் பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி, நடுத்தடுப்பில் இருந்த இடைவெளியை நோக்கி நடக்கிறார்கள். கிராசிங் வரை போய்த் திரும்பி வர யாருக்கும் மனமில்லை. கையில் பையும் குழந்தையும் இருந்தால் எனக்கும் இருக்காது. பின்னால் வரும் வண்டிக்கு, நிற்கும் பஸ் அவர்களை முழுசாக மறைக்கிறது. தெருவிளக்கு எரிகிறது, ஆனால் வெளிச்சம் மரக்கிளைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. பகல் பதினோரு மணிக்குப் போயிருந்தால் இதில் எதுவுமே கண்ணில் பட்டிருக்காது.

தீர்வு பெரிய செலவில்லை. மக்கள் கடக்கும் இடத்துக்கே கிராசிங்கைக் கொண்டுவருவது. பஸ் நிறுத்தத்தைக் கிராசிங்கைத் தாண்டிப் போடுவது. அப்போது இறங்கியவர்கள் பஸ்ஸுக்குப் பின்னால் கடப்பார்கள், வரும் வண்டிக்கு அவர்கள் தெரிவார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்க ஒரு திட்டு. கிளைகளை வெட்டி, கிராசிங்குக்கென்றே தனி விளக்கு. தடுப்பில் கம்பி வேலி போட்டு மக்களைச் சுற்றிப் போகவைக்கலாம் என்று கூட்டங்களில் யாராவது ஒருவர் சொல்வார். வேலியை வளைத்து வழி செய்துகொள்வார்கள். அந்த வழி இன்னும் ஆபத்தாக இருக்கும்.

நடுத்திட்டின் அருமையை ஒரு கணக்கு காட்டும். 14 மீட்டர் அகலச் சாலையை, சிக்னல் வடிவமைப்பில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் வினாடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 12 வினாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். வினாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 17 வினாடிக்கு மேல். சிக்னல் 12 வினாடி கொடுத்தால், அவர் சாலையில் இருக்கும்போதே வண்டிகள் கிளம்பிவிடும். நடுவில் திட்டு இருந்தால் பாதி தூரம் கடந்து அங்கே பத்திரமாக நின்றுகொள்வார்.

இன்னொரு கணக்கை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் ஓட்டுநர், முன்னால் ஒரு குழந்தை ஓடி வருவதைப் பார்க்கிறார். மனம் உணர்ந்து கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி. அதற்குள் வண்டி 8 மீட்டர் போய்விடும். உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டர் சொச்சத்தில் வண்டி நின்றுவிடும். அதே ஆள், அதே வண்டி, 50 கிலோமீட்டரில் வந்தால்? அந்த முதல் வினாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் போய்விடும். முதல் வண்டி நின்றுவிட்ட இடத்தில், இந்த வண்டி பிரேக்கே பிடிக்காமல் முழு வேகத்தில் இருக்கும். ‘20 கிலோமீட்டர் கூடினால் என்ன ஆகிவிடும்’ என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்தின் அபாயம் 4 சதவீதம் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அதற்காக 30 என்று பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது. அகலமான, நேரான, தடையற்ற சாலை ஓட்டுநரிடம் வேகமாகப் போ என்றுதான் சொல்லும். பாதையைக் கொஞ்சம் குறுக்குவது, முனைகளில் நடைபாதையை வெளியே நீட்டித் திருப்பத்தை இறுக்குவது, கிராசிங்கையே நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துவது, இவைதான் பலகைக்கு உயிர் கொடுக்கின்றன. நான்கு சாலைகள் கூடும் சாதாரண சந்திப்பில் வண்டியோடு வண்டி மோதக்கூடிய புள்ளிகள் 32. அதையே வண்டிகள் ஒரே வரிசையில் சுற்றிப் போகும் ரவுண்டானா ஆக்கினால் 8. மோதினாலும் குறைந்த வேகத்தில், பக்கவாட்டுச் சாய்வில் மோதும். நேருக்கு நேர் இல்லை.

மக்கள் அதிகம் கேட்பது வேகத்தடைதான். விபத்து நடந்த இரவே மறியல், மறுநாளே தார் கொட்டி ஒரு மேடு. அந்தக் கோபத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவசரத்தில் போட்ட மேடு குட்டையாகவும் செங்குத்தாகவும் இருக்கும். வெள்ளைக் கோடு இருக்காது, முன்னறிவிப்புப் பலகை இருக்காது. இரவில் டூவீலரில் வருபவர் அதில் தூக்கி எறியப்படுவார். முறையான வேகத்தடைக்கு அளவு உண்டு. 1970-களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடம் சோதித்து எடுத்த வட்ட வில் வடிவம் 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். இன்றும் பல நாடுகள் பின்பற்றும் அளவு அது. மெதுவாக வந்தால் உறுத்தாது, வேகமாக வந்தால் மட்டும் உலுக்கும். ஆம்புலன்ஸும் பஸ்ஸும் போகும் சாலையென்றால், அவற்றின் சக்கர அகலத்துக்கு இடைவெளி விட்டுத் துண்டு துண்டாகப் போடும் வகையும் இருக்கிறது.

வேலை முடிந்த பிறகு பலன் பார்ப்பதில்தான் பல உள்ளாட்சிகள் கோட்டை விடுகின்றன. வருடத்துக்குச் சராசரியாக 2 விபத்து நடக்கும் சந்திப்பில் ஒரு வருடம் 5 நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பரபரப்பாகிறது, கேமரா வைக்கிறார்கள், அடுத்த வருடம் மறுபடி 2. கேமராதான் காப்பாற்றியது என்று அறிக்கை வரும். எதுவுமே செய்யாமல் இருந்தாலும் அது 2-க்கே இறங்கியிருக்கலாம். அதனால்தான் குறைந்தது 3 வருடம், முடிந்தால் 5 வருடப் பதிவை முன்னும் பின்னும் எடுத்து, மாற்றம் செய்யாத இதே மாதிரி சந்திப்புகளோடு ஒப்பிடச் சொல்கிறோம். அத்தனை வருடம் காத்திருக்க முடியாதபோது வேகத்தை அளக்கலாம். 100 வண்டிகளில் 85 எந்த வேகத்துக்குள் போகின்றன என்பதை முன்னும் பின்னும் எடுத்தால், சில வாரங்களிலேயே மாற்றம் தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஏட்டில் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. மனிதன் தவறு செய்வான், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகக் கூடாது என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றது. நார்வேயின் ஆஸ்லோ நகரில் 2019 முழுவதிலும் சாலையில் இறந்தவர் ஒருவர்தான். அவரும் காரில் வந்தவர். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் வாழ்கிறார்கள். 2025 ஜூலையோடு முடிந்த 12 மாதங்களில் அங்கே ஒரு சாலை மரணம்கூட இல்லை. நகரத் தெருக்களில் பாதிக்கு மேல் 30 கிலோமீட்டர் வரம்பு. அமெரிக்காவின் ஹோபோக்கன் சின்ன நகரம். அங்கே முக்கியமாகச் செய்த வேலைகளில் ஒன்று, தெருமுனைகளில் வண்டி நிறுத்த விடாமல் செய்தது. முனை காலியானால், கடப்பவரும் ஓட்டுநரும் ஒருவரை ஒருவர் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார்கள். 2017-க்குப் பிறகு பல வருடங்கள் தொடர்ந்து அந்நகரத் தெருக்களில் சாலை மரணம் இல்லை. முனைப் பார்க்கிங்கை எடுக்கத் தேவையானது கொஞ்சம் பெயின்ட், சில கம்பங்கள், கடைக்காரர்களின் எதிர்ப்பைத் தாங்கும் துணிவு. கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம்.

மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. ‘வேகத்தடை வேண்டும்’ என்று தீர்வை எழுதாதீர்கள், பிரச்சினையை எழுதுங்கள். எந்த இடம், எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு, யார் கடக்கிறார்கள், எதிலிருந்து எதற்குப் போகிறார்கள். மயிரிழையில் தப்பியவற்றையும் எழுதுங்கள். விபத்துக்கு முன்பே கிடைக்கும் தகவல் அதுதான். அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ பத்துப் பக்க மனுவைவிட உதவும். பொறியாளரை அந்த நேரத்துக்கே நேரில் வந்து பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேலை முடிந்ததும் வேகத்தை அளந்தார்களா, விளக்கின் வெளிச்சம் இரவில் சரிபார்க்கப்பட்டதா, கிராசிங்கின் கோட்டை அடுத்து எப்போது புதுப்பிப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பதில் வராவிட்டால் மனுவின் நகலோடு கவுன்சிலரைப் பாருங்கள், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.