தகப்பன் பெற்றுவிடுவான், தீனி யார் போடுவது?

போன வருஷம் ஒரு மதியம். சாப்பிட்டுவிட்டு வளவுத் தூணில் சாய்ந்து கண்ணை மூடினேன், போன் அடித்தது. அட்லாண்டாவில் இருக்கும் அக்கா மகன். அங்கே விடிகாலை ஐந்து மணி. “மாமா, வலி வந்துருச்சு” என்றான். அவனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. ஒரு விநாடி எனக்குத் திக்கென்றது. அப்புறம் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினான்.

பிளாஸ்டிக் செடி ஒன்றில் வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு கடற்குதிரை நின்றது. வயிறு பலூனாக ஊதிப் பளபளத்தது. திடீரென்று உடம்பை முன்னால் மடக்கியது, நிமிர்ந்தது, மறுபடி மடக்கியது. கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி. மூன்றாவது மடக்கில் வயிற்றுப் பையின் வாய் திறந்து, நெல்மணியைச் சுண்டிவிட்டது போல ஏழெட்டுக் குஞ்சுகள் வெளியே தெறித்தன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆனால் மூக்கு, வால், குதிரைத் தலை எல்லாம் அச்சு அசலாக இருந்தது.

அம்மாவும் எட்டிப் பார்த்தார். “ஆம்பளையா பெக்குது?” என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, “பெத்துட்டு அதுவே வளக்கவும் செய்யுமா?” என்றார்.

செய்யாது. அங்கேதான் வளர்க்கிறவனின் வேலை ஆரம்பிக்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் காரைக்குடியில் தொட்டி வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். இந்தியாவில் கடற்குதிரையை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் இதைச் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. உயிரோடு இருந்தாலும் சரி, காய்ந்த கருவாடாக இருந்தாலும் சரி, பிடிக்கக் கூடாது, விற்கக் கூடாது. சீன மருந்துக்காகக் காயவைத்துக் கடத்துவதுதான் இதற்கு வந்த பெரிய கேடு. தேவகோட்டை தாண்டிப் போனால் தொண்டிக் கடல். அந்தப் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளில் ஹிப்போகாம்பஸ் கூடா என்ற இனம் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். அக்கா மகன் வைத்திருப்பது ஹிப்போகாம்பஸ் எரெக்டஸ், அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த இனம். அதுவும் கடலில் பிடித்ததல்ல, பண்ணையிலேயே பிறந்து வளர்ந்த ஜோடி. நான் இங்கே வளர்ப்பது கப்பி, ஃபைட்டர் மீன்கள்தான். அந்தக் குஞ்சுகளுக்கும் கடற்குதிரைக் குஞ்சுக்கும் தீனி ஒன்றே என்பதால் எனக்கு அவன் வீட்டில் ஆலோசகர் பதவி.

சரி, ஆண் எப்படிப் பெறுகிறது? முட்டை என்னவோ பெண்ணுடையதுதான். ஜோடி இரண்டும் காலையில் நிறம் மாறி, வாலோடு வால் பின்னி, ஒரே தண்டைச் சுற்றிச் சுற்றி வரும். இது நாள்தோறும் நடக்கும் குசலம் விசாரிப்பு. முட்டை முற்றியதும் இரண்டும் எதிரெதிரே எழும்பும், பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பைக்குள் இறக்கிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. கரு சேர்வது பைக்குள்ளேதான். பையின் உட்சுவர் தடித்து, ரத்தக் குழாய்கள் பெருகி, ஒவ்வொரு முட்டையையும் குழிக்குள் பொதிந்துகொள்ளும். மூச்சுக் காற்று அந்த வழியாகப் போகிறது, கழிவு அந்த வழியாகவே வெளியே வருகிறது. முட்டையின் மஞ்சள் கரு அம்மா வீட்டுச் சீதனம். அதற்கு மேல் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் அப்பா கொடுப்பது. இனத்தையும் தண்ணீரின் சூட்டையும் பொறுத்து இரண்டிலிருந்து நான்கு வாரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி உப்பு. ஆரம்பத்தில் பைக்குள் இருக்கும் நீர் கடல் நீர் மாதிரி உப்புக் கரிக்காது. அப்பனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு அளவுக்கு ஒட்டியே இருக்கும். நாள் ஆக ஆக அந்த உப்பு ஏறும். பிறக்கும் நேரத்தில் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் கிட்டத்தட்ட ஒரே தண்ணீர். எங்கள் பக்கம் நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பார்கள்’. அதே வீடுதான், ஆனால் தனி அடுப்பு, தனிக் கணக்கு. வெளியே தள்ளிவிடாமல், வீட்டுக்குள் இருக்கும்போதே தனிக் குடித்தனத்துக்குப் பழக்குகிற ஏற்பாடு. கடற்குதிரை அதைப் பைக்குள்ளேயே செய்கிறது.

பிரசவத்திலும் ஒரு விசேஷம். நம் பெண்களுக்குக் கருப்பை தானாகச் சுருங்கும். மனசால் நினைத்து அதை நிறுத்தவோ தொடங்கவோ யாராலும் முடியாது. கடற்குதிரைக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தார்கள். 2022-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பையின் சுவரைப் பிரித்துப் பார்த்தபோது அந்த மாதிரித் தசை அதில் மிகக் குறைவு என்று தெரிந்தது. பையின் வாய்க்குப் பக்கத்தில், துடுப்பை அசைக்கும் எலும்புத் தசைகளைக் கொண்டுதான் ஆண் திறந்து தள்ளுகிறதாம். நாம் கை காலை அசைக்கிற அதே வகைத் தசை. அந்த மடக்கல் நிமிர்த்தலுக்கு அர்த்தம் அதுதான்.

அன்று மாலைக்குள் நூற்று எண்பது குஞ்சுகளை எண்ணி முடித்தான். கடலில் ஆயிரத்தில் ஐந்து தப்பினாலே அதிகம் என்பார்கள். தொட்டியில் அதைவிட நன்றாகச் செய்யலாம். ஆனால் கடலில் எதிரி மற்ற மீன்கள். தொட்டியில் எதிரி வயிறு.

வயிறு என்று சொன்னது பேச்சுக்குத்தான். கடற்குதிரைக்கு இரைப்பையே கிடையாது, பல்லும் இல்லை. தின்றது நேராகக் குடலில் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு வேளை விருந்து சாப்பிட்டு மறுவேளை வரை தாங்குகிற ஜாதி இல்லை. குஞ்சு ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில், சமயத்தில் ஆயிரக்கணக்கில் கூட இரையைக் கொத்தும். அதுவும் உயிரோடு நெளிகிற இரையாக இருக்க வேண்டும். ஆகவே கடற்குதிரை வளர்ப்பவன் தன் நேரத்தில் முக்கால்வாசியைக் கடற்குதிரையோடு கழிப்பதில்லை. அதன் தீனியோடு கழிக்கிறான்.

அந்தத் தீனிதான் ஆர்ட்டீமியா. உப்பளங்களில் வாழும் குட்டி இறால். நம் தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. தண்ணீர் வற்றும்போது இது இடும் முட்டை காய்ந்து, காபிப்பொடி போல ஆகி, உள்ளே உயிரை நிறுத்திவைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். ஒரு கிராமில் இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். உப்புத் தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும்.

என் பட்டறை வீட்டின் இரண்டாம் கட்டுக்குள், ஜன்னல் ஓரமாக இருக்கிறது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலை அடியை வெட்டித் தலைகீழாகக் கட்டியிருக்கிறேன். லிட்டருக்கு இருபத்தைந்து, முப்பது கிராம் அயோடின் சேர்க்காத கல் உப்பு. அடியிலிருந்து காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், விளக்கும் எரிய வேண்டும். 28 டிகிரியில் ஒரு நாளில் பொரிந்துவிடும். சூட்டுக்குக் காரைக்குடியில் பஞ்சமா? மருமகன் அங்கே ஹீட்டர் போட்டுச் செய்கிற வேலையை இங்கே சித்திரை மாசம் சும்மா செய்துகொடுக்கிறது. மறுநாள் காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால், காலி ஓடு மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். நடுவில் ஒரு பக்கம் டார்ச் அடித்தால் பொரிந்தவை எல்லாம் ஆரஞ்சு நிறப் புகையாக வெளிச்சத்தை நோக்கித் திரளும். அதை மட்டும் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலை அடைத்துவிடும்.

இனிமேல்தான் கணக்கு. பொரிந்த உடனே ஆர்ட்டீமியாவுக்கு வாய் கிடையாது. கூடப் பிறந்த மஞ்சள் கருவைச் செலவழித்து நீந்தும். முதல் சில மணி நேரம் அது சத்துள்ள உருண்டை. நேரம் போகப் போக நடமாடும் சக்கை. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தோல் உரித்து, வாய் திறந்து, கண்டதைத் தின்ன ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்து மீன் எண்ணெய்ச் சத்து கரைத்த நீரில் விட்டால் அதன் வயிறு நிறையும். அப்படியே குஞ்சின் வயிற்றுக்கும் போகும். டிஎச்ஏ என்ற கொழுப்பு இல்லாமல் கடற்குதிரைக் குஞ்சு வளராது, ஆர்ட்டீமியாவிடம் அது சொந்தமாகக் கிடையாது. இட்லி மாவு மாதிரிதான். முந்தினால் புளிப்பில்லை, பிந்தினால் பொங்கி வழிந்துவிடும். மருமகன் நான்கு பாட்டில்களை ஆறு மணி நேர இடைவெளியில் வரிசையாக வைத்திருந்தான். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.

எரெக்டஸ் குஞ்சு கொஞ்சம் பெரிய உருவம் என்பதால் பிறந்த அன்றே ஆர்ட்டீமியாவைக் கொத்தும். கூடா, ரெய்டி போன்ற இனங்களின் குஞ்சு அதைவிடப் பொடி. அவற்றுக்கு முதல் வாரம் கோபிபாட் என்னும் இன்னும் சின்ன உயிர் வேண்டும். கோபிபாட் நமக்குப் புதுசு இல்லை. அதன் நன்னீர்ச் சொந்தக்காரனான சைக்ளாப்ஸ்தான் நரம்புச் சிலந்தி நோயின் புழுவைக் குடிநீரில் சுமந்தது. அப்பத்தா காலத்தில் ஊருணித் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்ததற்கு இன்னொரு நியாயமும் அதில் இருந்தது. 2000-ல் அந்த நோய் இந்தியாவை விட்டு ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆனால் ஊருணி கோபிபாட் கடல் தண்ணீரில் நிற்காது, அந்த யோசனை எனக்கு வந்து போனது என்பதோடு சரி.

தீனி தயார். இருந்தும் முதல் மூன்று நாளில் நாற்பது போய்விட்டது. எல்லாம் மேல் மட்டத்தில் தலைகீழாக மிதந்தன. கடலில் பிறந்த குஞ்சுகள் சில வாரம் மேல் நீரில் மிதவை உயிர்களோடு அலையும், வெளிச்சத்தை நோக்கிப் போவது பிறவிக் குணம். தொட்டியில் விளக்குக்கு அடியில் குஞ்சும் கூடுகிறது, ஆர்ட்டீமியாவும் கூடுகிறது. மேல் மட்டத்தில் இரையை உறிஞ்சும்போது காற்றும் கூடவே உள்ளே போய்விட, குஞ்சு தக்கை மாதிரி மிதந்துகொண்டு கீழே இறங்க முடியாமல் பட்டினியில் சாகும். இன்னொரு கூத்து, வாலுக்குப் பிடி கிடைக்காவிட்டால் பக்கத்துக் குஞ்சின் கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். இரண்டும் இழுத்து இழுத்துக் களைத்துப்போகும்.

இதற்குப் பதில் வட்டத் தொட்டி. ஓரத்தில் ஒரு காற்றுக் குழாயை வைத்தால் தண்ணீர் திருவிழா ராட்டினம் போல மேலும் கீழுமாக மெல்லச் சுற்றும். குஞ்சும் இரையும் நடுவிலேயே மிதந்துகொண்டிருக்கும், மேலே தேங்காது. இந்த வகைத் தொட்டியைக் கிரைசல் என்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்குப் பம்பரம் என்று அர்த்தம். பக்கங்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி விளக்கையும் மங்கலாக்கிய பிறகு மிதப்பது குறைந்தது.

அடுத்த கண்டம் ஹைட்ராய்டு. ஜெல்லி மீனின் பங்காளி, கண்ணாடியில் நூல் நூலாக முளைக்கும். பெரிய கடற்குதிரைக்கு ஒன்றும் ஆகாது, குஞ்சைத் தொட்டால் கொட்டியே கொன்றுவிடும். பெரும்பாலும் ஆர்ட்டீமியா முட்டையோடுதான் வந்து சேர்கிறது. பொரிக்கும் முன் முட்டையை ப்ளீச் கரைசலில் போட்டு ஓட்டைக் கரைத்துவிட்டால் அதுவும் போகும், ஓடு அடைக்கிற தொல்லையும் போகும். காபிப்பொடி நிறம் சாம்பலாகி, வெள்ளையாகி, ஆரஞ்சாக மாறும். அந்த ஆரஞ்சு வந்த நொடியில் வடிகட்டி அலச வேண்டும். கரைசல் தானாகவே சூடேறும், ஐஸ் போட்டுக்கொண்டே கிளற வேண்டும். இங்கே நான் முதல் தடவை செய்தபோது வாசலில் கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் மொத்தமும் வெந்துபோயிற்று. அதற்கப்புறம் ப்ளீச் பாட்டிலைத் திறந்தால் நான் யாருக்கும் வீட்டில் இல்லை.

மூன்றாம் வாரம் குஞ்சுகள் பிடிமானம் தேட ஆரம்பித்தன. நைலான் வலைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டதும் வரிசையாக வந்து வாலைச் சுற்றிக்கொண்டன. இரை பிடிக்கும் வித்தையை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. கடற்குதிரை நீச்சலில் படு மோசம், கோபிபாட் தப்பி ஓடுவதில் மன்னன். ஆனால் கடற்குதிரையின் நீண்ட முகம் நீரைக் கலக்காமல் நகரும். மூக்கு நுனிக்கு மேலே தண்ணீர் மிகக் குறைவாகத்தான் அசையும். இரைக்குத் தகவல் போகாது. கிட்டே வந்ததும், கவண் ரப்பரை இழுத்து வைத்தது போலத் தசைநாணில் சேமித்த விசையை அவிழ்த்துவிடும். தலை வெடுக்கென்று மேலே போகும், சின்னச் சொடுக்குச் சத்தத்தோடு இரை உள்ளே போகும். குள்ளக் கடற்குதிரை இதை ஒரு மில்லி விநாடிக்குள் முடித்துவிடுகிறது. அசையாத நீரில் பத்துக்கு ஒன்பது தடவை குறி தப்புவதில்லை என்று 2013-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டு மாதம் கழித்து எண்ணியபோது முப்பத்தொன்று இருந்தன. இனி உயிர் இரையை விட்டு உறைந்த மைசிஸ் இறாலுக்குப் பழக்க வேண்டும். இது பொறுமைக்குச் சோதனை. அசையாத பண்டத்தை இவை உணவாகவே மதிப்பதில்லை. மருமகன் சொட்டுக் குழாயில் ஒவ்வொரு துண்டாக மூக்குக்கு முன்னால் விழவைத்தான். ஒரு கண் அதைப் பார்க்கும், இன்னொரு கண் வேறு எங்கோ பார்க்கும், அப்புறம் மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மிஞ்சியதை உடனே உறிஞ்சி எடுக்காவிட்டால் அழுகி, அம்மோனியா ஏறி, இருப்பதையும் கொன்றுவிடும். பத்து நாள் இப்படியே போனது.

ஒரு ராத்திரி போன் வந்தது. “மாமா, சத்தம் கேக்குதா?” கண்ணாடியோடு போனை ஒட்டி வைத்திருந்தான். எனக்கு மோட்டார் இரைச்சல்தான் கேட்டது. “மோட்டாரை நிறுத்து மாப்ளே” என்றேன். நிறுத்தினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு, நகத்தால் கண்ணாடியைச் சுண்டியது போல, ‘டிக்’.