மலை மூட்டத்தில் படர்தாமரை

ஜூடோவோ ஜியு-ஜிட்சுவோ மல்யுத்தமோ பழகுகிறவர்களிடம் எதற்குப் பயம் என்று கேட்டால், முழங்கால், கழுத்து, தோள்பட்டை என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஊட்டியிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் ஆளை வாரக்கணக்கில் ஓரமாக உட்கார வைக்கக்கூடிய இன்னொன்று உண்டு. அது படர்தாமரை.

இதைக் கொண்டுவருவது ட்ரைக்கோஃபைட்டான் வகைப் பூஞ்சை. தோலின் மேலடுக்கிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்ற புரதம்தான் அதற்குச் சாப்பாடு. உலர்ந்த தோல் தன் மேல் செதிலை உதிர்த்துக்கொண்டே இருப்பதால் பூஞ்சைக்குக் கால் ஊன்ற நேரம் கிடைப்பதில்லை. பயிற்சி உடுப்பின் முரட்டுக் காலர் உரசிய கழுத்தும், வியர்வையில் ஊறிய முன்கையும் அப்படியல்ல. ஒட்டிய பிறகு படர்தாமரையின் அரிக்கும் வட்டம் கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் எத்தனை பேரோடு கட்டிப் புரண்டிருப்போம்!

மலையில் ஒரு கெட்ட பழக்கம்: குளிருக்கு அஞ்சி, வியர்வை ஈரத்தின் மேலேயே ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவது. பூஞ்சைக்கு வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்து கிடைக்கிறது. ஸ்வெட்டரை யாரும் தினம் துவைப்பதுமில்லை. குளிக்க வெந்நீர் இல்லையென்றால், ஈரத்துணியால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கைத் துடைத்து உலர்த்தி, மாற்றுச் சட்டை போட்ட பிறகே ஸ்வெட்டர்.

பயிற்சி உடுப்பு கனத்த பருத்தி. பல அடுக்கு தைத்த காலர்தான் கடைசியில் காயும். 40 டிகிரி வெந்நீரில் பூஞ்சை விதைகள் தப்பிவிடலாம். 60 டிகிரி வேண்டும். ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகவே பாதிக்குப் பாதி கலந்தால் சூடு போதாது. கொதிநீர் இரண்டு பங்கு, குழாய் நீர் ஒரு பங்கு. உடுப்பு சுருங்கும், ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு முறை பிழியவிட்டு, காலரை விரித்து, மின்விசிறிக் காற்று குறுக்கே அடிக்கும்படி தொங்கவிடுங்கள். மாற்று உடுப்பு இல்லாமல் ஜூலை மூட்டத்தில் வாரம் மூன்று நாள் பழகுவது சிரமம்.

அடுத்தது பயிற்சிக் கூடம். மூட்டம் உள்ளே வந்துவிடும் என்று ஜன்னலை இறுக மூடுகிறார்கள். கணக்கு நேர்மாறு. வெளியே 12 டிகிரியில் மூட்டம் நிறைந்த காற்றில், ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11 கிராம் நீராவிதான் இருக்கும். பலர் வியர்த்த 22 டிகிரிக் கூடத்திலோ அது 17 கிராமைத் தொடலாம். வெளிக்காற்று உள்ளே வந்து சூடேறியதும் அதன் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிடும். அதனால் கூடம் சூடாக இருக்கும்போதே, வகுப்பு முடிந்த கையோடு, எதிரெதிர் ஜன்னல்களைப் பத்து நிமிடம் திறந்து வையுங்கள். மூடியே வைத்தால் அந்த நீராவி இரவில் சிமெண்ட் தரையில் வியர்த்து, மேட் (தரையில் விரிக்கும் பயிற்சி மெத்தை) அடியில் தேங்கும். வாரம் ஒருமுறை மேட்களைத் தூக்கி நிறுத்துவதும் இதற்காகவே.

மேட்களின் கிருமிநீக்கத்துக்கு, 4 முதல் 5 சதவீத பிளீச் திரவம் அரை லிட்டர், தண்ணீர் நாலரை லிட்டர். முதலில் சோப்பு நீரில் அழுக்கை எடுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பத்து நிமிடம் ஈரமாக விட்டு, வெறுந்தண்ணீரில் துடைத்து உலர்த்துங்கள். கலந்ததை மறுநாளைக்கு வைக்கக் கூடாது. கழிவறை ஆசிட்டோடு கலந்தால் விஷவாயு.

வட்டம் வந்துவிட்டால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும். பூஞ்சை அடியில் பரவும், வட்டம் உருமாறி மருத்துவருக்கே அடையாளம் குழம்பும். நீலகிரித் தைலமும் மருந்தல்ல, தோல்தான் எரியும். தெர்பினாஃபைன் போன்ற, ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சை எதிர்ப்புக் களிம்பை, வட்டத்தைத் தாண்டி இரண்டு செ.மீ. வரை, மருத்துவர் சொன்ன நாள் முழுக்கத் தடவ வேண்டும். அமெரிக்கப் பள்ளி மல்யுத்த விதிப்படி, உடம்பில் வந்தால் 72 மணி நேர சிகிச்சைக்குப் பிறகே களம். தலையில் வந்தால் மாத்திரையோடு 14 நாள்.

கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம், எரிச்சல், காய்ச்சல் என்றால் அது பூஞ்சையல்ல, ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். 1989இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு மல்யுத்த முகாமில் 175 பேரில் 60 பேருக்கு வந்தது. பெரும்பாலும் தலை, முகப் பகுதியில். மேட்டைக் கழுவி இதைத் தடுக்க முடியாது, தோலிலிருந்து தோலுக்கே தாவுகிறது. அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை யாரோடும் பிடி போட வேண்டாம்.