வாளையாருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: எரிசக்தி தணிக்கையால் கிடைக்கும் பணம்

தமிழ்நாட்டில் க.க.சாவடியில் ஒரு பட்டறை, கேரளத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு பட்டறை என்று, மாநில எல்லையான வாளையாரின் இரு பக்கமும் தொழில் நடத்தும் தமிழர்கள் பலர். மின்சாரமும் எரிபொருளும் ஆலையில் எங்கே வீணாகின்றன என்று அளந்து, மிச்சப்படுத்தும் வழியைச் சொல்லும் ஆய்வுதான் எரிசக்தி தணிக்கை. அதைப் பற்றிக் கேட்டால் கேரளப் பக்கத்தில், “சட்டப்படி செய்து கொடுத்துவிட்டோம், அறிக்கை பீரோவில் இருக்கிறது” என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்தில், “அதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு” என்பார்கள். வரவேண்டிய பணம் இரண்டு பதில்களிலுமே கைநழுவிப் போகிறது.

முதலில் சட்டம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் அதிக எரிசக்தி செலவிடும் ஆலைகளைத் தனியாகப் பட்டியலிட்டு, அவற்றுக்குத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஜவுளி ஆலை என்றால் ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு ஈடான எரிசக்தி, சிமெண்ட் ஆலை என்றால் 30,000 டன் என்று தொடக்கத்தில் வரம்பு வைத்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அந்த வரம்பின் அருகில்கூட இல்லை. ஆனால் கேரள அரசு 2011-இல் போட்ட உத்தரவு, உயரழுத்த மின் இணைப்பு (பெரிய அளவில் மின்சாரம் எடுப்போருக்கான இணைப்பு) வைத்திருக்கும் எல்லோரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை தணிக்கை செய்யவேண்டும் என்கிறது. அதைக் கவனிப்பது திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள எனர்ஜி மேனேஜ்மெண்ட் சென்டர். கஞ்சிக்கோட்டில் நடுத்தர ஆலைகள்கூடத் தணிக்கை செய்திருப்பதற்கு இதுவே காரணம்.

தமிழ்நாட்டில் சிறு நிறுவனத்தை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. மாறாக, மானியம் தருகிறார்கள். ‘பீஸ்’ (PEACE) என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டத்தில், குறு, சிறு, நடுத்தர நிறுவனம் தணிக்கைக்குச் செலவிட்டதில் 75 விழுக்காடு, அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். தணிக்கையாளரின் பரிந்துரைப்படி எரிசக்தியை மிச்சப்படுத்தும் இயந்திரம் வாங்கினால், தகுதியுள்ள இயந்திரங்களின் விலையில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. விண்ணப்பிக்கவேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். இயந்திரத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே அங்கே போய் விதிமுறைகளைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மானியம் ஒருமுறை வருவது. மாதாமாதம் கரண்ட் பில்லில் குறையும் தொகைதான் தணிக்கையின் உண்மையான பலன். காற்றை அழுத்தி மற்ற இயந்திரங்களுக்குக் கொடுக்கும் ஒரு கம்ப்ரஸரை எடுத்துக்கொள்வோம். விடுமுறை நாளில், காற்றைப் பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் தணிக்கையாளர் ஓடவிடுவார். யாரும் காற்றை எடுக்காதபோது அழுத்தம் ஏறியதும் அது லோடை, அதாவது காற்றை அழுத்தும் வேலையை, விட்டுவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். குழாய் இணைப்புகளில் கசிவு இருந்தால் மறுபடி மறுபடி லோடு எடுக்கும். இரண்டு நிமிடம் லோடு, எட்டு நிமிடம் ஓய்வு என்று ஓடினால், அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்கு கசிவுக்கே போகிறது என்று பொருள். முழு லோடில் 30 கிலோவாட் இழுத்து, ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடும் கம்ப்ரஸர் என்றால், கசிவுக்கு மட்டும் 36,000 யூனிட். கசிவில் பாதியை அடைத்தாலே போதும். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,26,000 ரூபாய் மிச்சம். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். சோப்பு நுரை, சில கிளாம்புகள், புது ஹோஸ், ஒரு ஃபிட்டரின் சில நாள் வேலை. காற்றின் அழுத்தத்தைத் தேவைக்கு மேல் வைத்திருக்கும் பழக்கமும் நம் பட்டறைகளில் உண்டு. அழுத்தத்தை ஒரு பார் (காற்றழுத்தத்தின் அளவு) குறைத்தால் கம்ப்ரஸரின் மின்செலவு 6 முதல் 10 விழுக்காடு வரை குறையும்.

எல்லைக்கு இரு பக்கமும் ஆலை வைத்திருப்பவர்கள் கவனிக்கவேண்டியது நேரக் கணக்கு. தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் இரவு 10 வரையும் உச்ச நேரம். யூனிட்டுக்கு 25 விழுக்காடு கூடுதல். கேரளத்தில் உச்ச நேரம் மாலை 6 முதல் இரவு 10 வரை மட்டுமே. காலை நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் இல்லை. ஆகவே, காலை ஏழு மணிக்கு உலையை ஏற்றும் வழக்கம் கஞ்சிக்கோட்டில் செல்லும், க.க.சாவடியில் காசைத் தின்னும். இரண்டு ஆலைக்கும் ஒரே ஷிப்ட் அட்டவணை போட்டிருப்பவர்கள் அதை இன்றைக்கே எடுத்துப் பார்க்கவேண்டும். இரு மாநிலங்களிலும் பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வேலைக்குப் பயன்படுகிறது என்று காட்டும் எண்) 0.90-க்குக் கீழே இறங்கினால் கூடுதல் கட்டணம் உண்டு. மின் வாரியத்திடம் ஒப்பந்தம் செய்த கேவிஏ (ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய மின் அளவு) தேவையைவிட அதிகமாக இருந்தால், பயன்படுத்தாத அளவுக்கும் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். இவ்விரண்டையும் ஓராண்டு மின் கட்டண ரசீதுகளை வைத்தே தணிக்கையாளர் சொல்லிவிடுவார்.

வருமான வரியிலும் ஒரு சலுகை இருக்கிறது, அதிகம் பேர் கேட்டு வாங்குவதில்லை. சாதாரண இயந்திரத்தின் மதிப்பில் ஆண்டுக்கு 15 விழுக்காட்டைத் தேய்மானமாக வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், பவர் ஃபேக்டர் கன்ட்ரோலர், வெப்பத்தை மீட்கும் கருவி போன்ற எரிசக்தி சேமிப்புக் கருவிகளுக்கு 40 விழுக்காடு. பில்லில் வெறுமனே ‘பேனல்’ என்று எழுதி வாங்கிவிட்டால் அதை எரிசக்தி சேமிப்புக் கருவி என்று நிறுவ உங்கள் வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் சிரமப்படுவார். கருவியின் சரியான பெயரைப் போட்டே பில் கேளுங்கள்.

கடன் வாங்கி இயந்திரம் மாற்றுபவர்களுக்கு மத்திய அரசின் ‘அடீட்டி’ திட்டம் இருக்கிறது. 2025 ஜூலையில் பானிப்பட்டில் தொடங்கப்பட்டது. ஒதுக்கீடு 1,000 கோடி ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 விழுக்காடு, நடுத்தர நிறுவனங்களுக்கு 3 விழுக்காடு மானியம். ஜவுளி, வார்ப்படம், உணவுப் பதப்படுத்தல், இரும்பு உருட்டாலை, காகிதம், செங்கல் உள்ளிட்ட 14 துறைகளுக்கு மட்டும், அதுவும் தேர்ந்தெடுத்த தொழில் தொகுப்புகளில். மத்திய அரசுத் திட்டம் என்பதால் எந்த மாநிலம் என்பதல்ல, உங்கள் தொழில் தொகுப்பு பட்டியலில் இருக்கிறதா என்பதே கேள்வி. எவ்வளவு மிச்சமாகும் என்பதை முதலீட்டுத் தரத் தணிக்கை (கடன் கொடுப்பவர் நம்பும் அளவுக்கு விரிவாகக் கணக்கிடும் தணிக்கை) அறிக்கை காட்டவேண்டும். அந்தத் தணிக்கைக்கும் திட்டத்திலேயே உதவி உண்டு.

தணிக்கையாளரை மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் சான்று பெற்றவராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இயந்திரம் விற்பவரே இலவசமாகச் செய்துதரும் தணிக்கையை நான் நம்புவதில்லை. அது பெரும்பாலும் அவர் விற்கும் இயந்திரத்தில்தான் போய் முடியும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே முதலீடு எவ்வளவு, ஆண்டு மிச்சம் எவ்வளவு, எத்தனை மாதத்தில் போட்ட பணம் திரும்பும் என்ற மூன்றும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே தணிக்கையாளரின் பில்லுக்குப் பணம் கொடுங்கள். உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான சான்று), கடைசிப் பன்னிரண்டு மாத ரசீதுகள், இயந்திரங்களின் பில்கள், பணம் கட்டிய வங்கிச் சான்று ஆகியவற்றை ஆலைவாரியாகத் தனித்தனிக் கோப்பில் வைத்திருங்கள். கஞ்சிக்கோட்டு ஆலைக்கு வாங்கிய இயந்திரத்தின் பில்லைக் கோவை மாவட்டத் தொழில் மையத்தில் கொடுத்தால் மானியம் வராது.