வேலையின் பெயர் தெரியும், வேலை தெரியுமா?

"தடய அறிவியல் படிக்கணும் சார்" என்று வருகிற மாணவர்களிடம் தொழில் வழிகாட்டியாக நான் கேட்பது இதுதான்: அந்த வேலையில் இருப்பவர் சாதாரணமாக ஒரு நாளில் என்னென்ன செய்வார்? பதில் பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடரிலிருந்துதான் வரும். நிஜத்தில் அங்கே நடப்பது வேறு. மாதிரிகளுக்கு எண் போடுவது, எது யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பதிவது, ஒரே பரிசோதனையைத் திரும்பத் திரும்பச் செய்வது, பக்கம் பக்கமாக அறிக்கை எழுதுவது. அப்புறம் நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை. இதைக் கேட்டதும் சிலருக்கு முகம் வாடிவிடும், சிலர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். எப்படியிருந்தாலும் பேச்சு நகர்கிறது.

1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டல் மையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ் மூன்று விஷயங்களைக் கேட்டார்: தன்னைப் பற்றிய தெளிவு, தொழிலைப் பற்றிய அறிவு, இரண்டையும் பொருத்திப் பார்க்கும் யோசனை. முதலாவதற்கு ஆர்வச் சோதனை, திறன் சோதனை என்று நேரத்தைக் கொட்டுகிறோம். இரண்டாவதற்கு ஒரு பட்டியலை நீட்டி அனுப்பிவிடுகிறோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 436 தொழில் தொகுதிகள் இருக்கின்றன. வீடுகளில் அடிபடுவதோ ஏழெட்டுத்தான்.

தகவல் யாரிடமிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கல்வி நிறுவன விளம்பரத்தில் அதிகபட்ச சம்பளம் கொட்டை எழுத்தில் இருக்கும். படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அதுவும் படித்த துறையிலேயே கிடைத்ததா என்று தேடினால் பல நேரம் கண்ணில் படாது. சராசரி சம்பளமும் ஏமாற்றும். நாலு பேர் பெரிய தொகை வாங்கினாலே அது ஏறிவிடும். சரிபாதிப் பேர் எதற்குக் கீழே வாங்குகிறார்கள் என்று கேளுங்கள்.

கட்டணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டியவை சில உண்டு. பட்டம் போதுமா, அதற்கு மேல் உரிமத் தேர்வு இருக்கிறதா? உடல் தகுதி என்ன? விமானி, ரயில் ஓட்டுநர், கப்பல் அதிகாரி வேலைகளுக்கு நிறப்பார்வைச் சோதனை உண்டு. படிப்பை முடித்துவிட்டு அதில் தவறினால் பணமும் வருடங்களும் போச்சு. கண் மருத்துவரிடம் முதலிலேயே காட்டிக்கொள்ள அரை நாள் போதும்.

என்னிடம் வருபவர்களுக்கு நான் தரும் வீட்டுவேலை, அந்தத் தொழிலில் இருக்கும் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வருவது. பெரிய பதவியில் இருப்பவர் வேண்டாம், அவருக்கு ஆரம்ப வருடங்கள் மறந்திருக்கும். சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆனவர் ஒருவர், அந்த வேலையை விட்டுவிட்டு வந்தவர் ஒருவர். "வேலை பிடிச்சிருக்கா?" என்று கேட்டால் மரியாதைக்கு ஒரு பதில் வரும். "போன வாரம் எதற்கு அதிக நேரம் போச்சு?" என்று கேட்டால் விஷயம் வரும். விட்டு வந்தவர் சொல்லும் காரணத்தையும் அப்படியே எழுதி வரச் சொல்வேன். அதே காரணம் என்னிடம் வந்த மாணவருக்குப் பொருட்டாகவே இல்லாமலும் இருக்கலாம். அந்தக் குறிப்புகள் வந்த பிறகுதான் ஆர்வ, திறன் சோதனை முடிவுகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பேச ஆரம்பிப்போம்.