எதில் 69 சதவீதம்?

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் மருத்துவ ஆய்வுகளுக்குப் பணம் கொடுக்கும் பெரிய அரசு அமைப்பான என்.ஐ.எச். ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆய்வு மானியங்களில் மறைமுகச் செலவுக்கு இனி 15 சதவீதம்தான், திங்கட்கிழமை முதல் அமல். கூடவே எக்ஸ் தளத்தில், ஹார்வர்டு வாங்குவது 69 சதவீதம், யேல் 67.5, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 63.7 என்று எடுத்துப் போட்டது. பார்த்தவர்களில் பலர், 100 டாலர் மானியத்தில் 69 டாலரைப் பல்கலைக்கழகமே அமுக்கிக்கொள்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

கணக்கு அப்படி இல்லை. ஆய்வு மாணவரின் சம்பளம், வேதிப்பொருள், சோதனை எலி இவையெல்லாம் நேரடிச் செலவு. எந்த ஆய்வுக்காக வாங்கியது என்று பில்லைக் காட்டிச் சொல்லிவிடலாம். ஆனால் கட்டடத்தின் மின்சாரம்? ஏசி? அபாயக் கழிவை அகற்றும் செலவு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு, கணக்கு எழுதும் அலுவலகம்? ஒரே கட்டடத்தில் 40 ஆய்வகங்கள் இருந்தால், இதில் எவ்வளவு யாருக்கு என்று பிரித்து பில் போட முடியாது. இவைதான் மறைமுகச் செலவு. அதனால் மொத்தச் செலவைக் கணக்கெடுத்து, அரசோடு பேரம் பேசி, ஒரு விகிதத்தை முன்கூட்டியே முடிவுசெய்கிறார்கள்.

அந்த விகிதம் நேரடிச் செலவின் மேல் ஏறும், மொத்தத்திலிருந்து கழியாது. நேரடிச் செலவு 100 டாலர் என்றால் அரசு தருவது 169. அதில் 69 என்பது சுமார் 41 சதவீதம். அதுவும் எல்லா நேரடிச் செலவின் மேலும் ஏறாது. விலையுயர்ந்த கருவிகள், மாணவர் கல்விக் கட்டணம் போன்றவற்றை முதலிலேயே கழித்துவிடுவார்கள். கடைசியில், 2023-இல் என்.ஐ.எச். கொடுத்த ஏறத்தாழ 3,500 கோடி டாலரில் மறைமுகச் செலவுக்குப் போனது சுமார் 900 கோடி, அதாவது கால்பங்கு. இந்தக் கணக்கு என்.ஐ.எச். சொன்னதுதான்.

பல்கலைக்கழகங்கள்மேல் சந்தேகம் வரக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990-91-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அரசுக் கணக்கில் எழுதிய மறைமுகச் செலவுகளை நாடாளுமன்றக் குழு கிளறியபோது, அதில் ஒரு சொகுசுப் படகின் தேய்மானச் செலவும் இருந்தது. படகில் என்ன ஆராய்ச்சி நடந்ததோ! 1992-இல் பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார். 1991-இல் வந்த விதி இன்றைக்கும் இருக்கிறது: மறைமுகச் செலவு விகிதத்தில் நிர்வாகத்துக்கான பகுதி, விகிதம் ஏறக்கூடிய நேரடிச் செலவில் 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்குப் பிறகு தரவுப் பாதுகாப்பு, வெளிநாட்டுத் தொடர்புகளை அறிவிப்பது என்று அரசு புதுப்புது விதி போட்டுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். உச்சவரம்போ அதே 26. தாண்டினால் பல்கலைக்கழகம்தான் கைப்பணத்தைப் போட வேண்டும்.

சரி, 15 சதவீதத்துக்கு வருவோம். 60 சதவீத விகிதமுள்ள பல்கலைக்கழகத்தில், விகிதம் ஏறக்கூடிய நேரடிச் செலவு 5 லட்சம் டாலர் என்றால், முன்பு மறைமுகச் செலவுக்கு 3 லட்சம் கிடைக்கும். புதுக் கணக்கில் 75,000தான். நடந்துகொண்டிருக்கும் மானியங்களுக்கும் இது பொருந்தும் என்றதால்தான் அத்தனை பதற்றம். திங்கட்கிழமையே 22 மாநிலங்கள் வழக்குப் போட்டன. அன்றே இடைக்காலத் தடை, ஏப்ரலில் நிரந்தரத் தடை. என்.ஐ.எச். இந்த விகித முறையைத் தன்னிச்சையாக மாற்றக் கூடாது என்று 2018 முதலே நாடாளுமன்றம் நிதிச் சட்டங்களில் எழுதிவைத்திருந்தது.

இந்தச் சத்தத்தில் பலர் கவனிக்காத மாற்றம் அதற்கு முந்தைய ஆண்டு வந்தது. எனக்கு இதுதான் இன்னும் சுவாரசியம். 2024 அக்டோபர் 1 முதல், அரசு மானியக் கணக்கில் ஒரு பொருளைக் 'கருவி' என்று எழுத, விலை 5,000 டாலர் இருந்தால் போதும் என்பது 10,000 ஆனது. வேலை குறையட்டும் என்றுதான் மாற்றினார்கள். 7,000 டாலருக்கு ஒரு சென்ட்ரிஃப்யூஜ் (மாதிரிகளை வேகமாகச் சுற்றிப் பிரிக்கும் இயந்திரம்) வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் அது கருவி. பார்கோடு ஒட்ட வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஆனால் மறைமுகச் செலவு அதன்மேல் ஏறாது. புது விதியில் அது சோதனைக் குழாய் மாதிரி வெறும் 'பொருள்'. பார்கோடு வேண்டாம், ஆனால் விகிதம் ஏறும். 50 சதவீத விகிதமென்றால் மானியத்திலிருந்து போவது 10,500 டாலர். அதே கடை, அதே பெட்டி, 3,500 டாலர் கூடுதல்!

அதனால் பல பல்கலைக்கழகங்கள் உடனே மாறவில்லை. 5,000 என்ற எல்லையை வைத்துத்தான் அவர்களுடைய விகிதமே பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றதையும் திரும்பப் பேச வேண்டும். போதாததற்கு, என்.ஐ.எச். அடங்கிய அமெரிக்கச் சுகாதாரத் துறை புது விதிகளில் சிலவற்றை மட்டும் 2024-இல் ஏற்று, மீதியை ஓராண்டு தள்ளிவைத்தது. மானிய அலுவலர் இப்போது விலையைப் பார்ப்பதற்கு முன்னால், எந்தத் துறையின் மானியம், எந்தத் தேதியில் கையெழுத்தானது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே மேசையில் ஒரே விலைக்கு வாங்கிய இரண்டு சென்ட்ரிஃப்யூஜ்கள் சுற்றும். ஒன்றில் பார்கோடு இருக்கும், பக்கத்தில் இருப்பதில் இருக்காது.