காகத்தின் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருந்தது?

ஆசிரியர் கூட்டங்களில் குழந்தை இலக்கியம் பற்றிப் பேச்செடுத்தால், "பாடத்தை முடிக்கவே பாடவேளை போதவில்லை, இதில் கதைக்கு எங்கே போவது?" என்ற பதில் உடனே வந்துவிடுகிறது. கதை தமிழ்ப் பாடத்துக்குச் சொந்தம், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகள் களைத்துப்போன பிறகு என்று நாம் ஒதுக்கி வைத்துவிட்டோம். 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கதைக்கும் பாடலுக்கும் நல்ல இடம் கொடுத்தது. அடுத்த ஆண்டே திட்டம் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது என்றாலும், நான்காம் வகுப்புக்கு வந்ததும் கணக்கும் அறிவியலும் மீண்டும் கரும்பலகைக்கே திரும்பிவிடுகின்றன. கணக்கையும் அறிவியலையும் தொடங்கிவைக்கக் கதையைவிடச் சிறந்த வழியை என் வகுப்பறை அனுபவத்தில் நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் தெரிந்த தாகமுள்ள காகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "முயற்சி திருவினையாக்கும்" என்று எழுதிப்போட்டு அந்தக் கதையை மூடிவிடுவது நம் வழக்கம். அதற்குப் பதிலாக, குடத்தில் முதலில் எவ்வளவு தண்ணீர் இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடி டம்ளர்கள், பள்ளி வாசலில் பொறுக்கிய கூழாங்கற்கள், கொஞ்சம் தண்ணீர் போதும். ஒரு டம்ளரில் கால் பங்கும் மற்றதில் பாதிக்குச் சற்று மேலும் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளையே கற்களைப் போடச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் விளிம்புக்கு ஏறி வழியும். கால் பங்கு இருந்த டம்ளரில் கற்கள் விளிம்பைத் தொட்ட பிறகும் தண்ணீர் கீழேயே நிற்கும். மேலே கிடக்கும் கற்கள் காய்ந்திருக்கும். அந்தக் காகத்துக்குத் தாகம் தீராது.

"ஏன் டீச்சர்?" என்று வகுப்பே கேட்கும் நேரம் இது. கற்களுக்கு இடையே இடைவெளி இருக்கிறது, தண்ணீர் முதலில் அதை நிரப்புகிறது என்பதை நாம் சொல்லவே வேண்டியதில்லை. டம்ளரைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கும் யாரோ ஒரு பிள்ளை அதைச் சொல்லிவிடும். அடுத்து "மணலைப் போட்டால்?", "பெரிய கல் ஒன்றே ஒன்று போட்டால்?" என்று கேள்விகள் வரிசை கட்டும். கொள்ளளவு, இடத்தை அடைத்தல், பின்னம் என்று மூன்று பாடங்களுக்கான வேலை ஒரே மேசையில் நடந்துவிடுகிறது. 2009இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காக்கைக் குடும்பத்துப் பறவைகளிடம் இதையே சோதித்துப் பார்த்தார்கள். நீரில் மிதந்த புழுவை எடுக்க அவை கற்களைப் போட்டன. போகப் போகச் சிறு கற்களைவிடப் பெரிய கற்களைத் தேர்ந்தெடுத்தன. சோதனை முடிந்த பிறகு இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், முன்னால் சொல்லிவிடாதீர்கள்.

ஐந்தாம் வகுப்பில் பேரெண்கள் வரும்போது சதுரங்கக் கதை கைகொடுக்கும். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கதைதான். சதுரங்கத்தில் அரசரை வென்ற முனிவர் கேட்ட பரிசு இது: முதல் கட்டத்துக்கு ஒரு நெல்மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். "அரசர் பிழைத்துக்கொண்டார், இது ஒரு பரிசா?" என்று பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். சத்துணவுக் கூடத்தில் ஒரு டம்ளர் அரிசி வாங்கி, தரையில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு அடுக்கச் சொல்லுங்கள். முதல் வரிசை எட்டுக் கட்டங்களுக்கும் சேர்த்து 255 மணிகள், ஒரு தேக்கரண்டி அளவு. இரண்டாம் வரிசை முடியும்போது மொத்தம் 65,535. அதை எண்ண முடியாது என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். ஒரு தேக்கரண்டிக்கு இத்தனை மணி என்று வைத்துக்கொண்டு மதிப்பிடத் தொடங்குவார்கள். கிலோவைத் தாண்டுகிறது என்று கண்டுபிடிப்பார்கள். 64 கட்டங்களுக்குமான கூட்டுத்தொகை இருபது இலக்க எண். அதைக் கரும்பலகையில் எழுதினால் வகுப்பில் ஒரு சத்தமும் இருக்காது. இடமதிப்பு எதற்கு என்று அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

சமூக அறிவியலுக்கு நான் அதிகம் பயன்படுத்துவது கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் தின்ற பண்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வரும் மருமகன், வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபாச்சா" என்று குதித்துப் பெயரை மறந்துவிடுகிறானே, அதுதான். அவன் நடந்த வழியை வரைபடமாக வரையச் சொன்னால் திசை, குறியீடு, அளவுகோல் எல்லாம் வந்துவிடும். ஆனால் அந்தக் கதைக்குள் வேறொன்றும் இருக்கிறது. அத்திரிபாச்சா செய்யத் தெரியவில்லை என்று அவன் மனைவியை அடிக்கிறான். அவள் உடம்பு கொழுக்கட்டை போல் வீங்கியதைப் பார்த்த பிறகே அவனுக்குப் பெயர் நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள்.

சில ஆசிரியர்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீட்டுத் திண்ணையில் அந்தக் கதையை முழுவதும் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு, அதைப் பற்றிப் பேச வகுப்பறை ஒன்றுதான் இடம். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். "மறந்தது அவன்தானே, அடி ஏன் அவளுக்கு?" என்றாள் நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அன்றைக்கு எடுக்க வைத்திருந்த பாடக்குறிப்பை மூடிவிட்டேன். பிள்ளைகள் குழுக்களாக உட்கார்ந்து முடிவை மாற்றி எழுதினார்கள். ஒரு குழுவின் கதையில் மனைவி, "என்ன தின்றாய், உள்ளே தேங்காய் இருந்ததா, வெல்லம் இருந்ததா?" என்று கேட்டுக் கேட்டே பண்டத்தைக் கண்டுபிடித்துவிடுகிறாள். பொருள்களை அவற்றின் பண்புகளால் இனங்காணுதல் அறிவியல் பாடத்தில் உள்ளதுதானே!

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன். முதல் முறை வாசிக்கும்போது நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். "இதில் எத்தனை பறவைகள் வந்தன?" என்று இடைமறித்தால் கதை அந்த இடத்திலேயே செத்துவிடும், அடுத்த முறை புத்தகத்தைக் கையில் எடுத்தாலே பிள்ளைகள் தேர்வு என்று நினைத்துச் சுருங்கிவிடுவார்கள். முதல் வாசிப்பு முழுக்க முழுக்க அவர்களுடைய மகிழ்ச்சிக்கு. பாடம் இரண்டாம் வாசிப்பில் வரட்டும், மறுநாள் வந்தாலும் நல்லதே. எந்தப் பாடமும் உள்ளே இல்லாத கதைக்குள் பாடத்தை வலிந்து திணிக்கவும் வேண்டாம். ஒற்றுமையைப் பற்றி ஒரு புறாக் கதை சொல்லிவிட்டுப் "புறாவின் எண்ணிக்கையை ஐந்தால் பெருக்கு" என்பதில் கதையும் இல்லை, கணக்கும் இல்லை.

கதைகளில் தவறான செய்திகளும் வரும். பாம்பு பால் குடிப்பது நம் கதைகளில் சர்வ சாதாரணம், ஆனால் உண்மையில் பாம்பு ஊனுண்ணி. அத்தகைய கதைகளைத் தள்ளிவைக்கத் தேவையில்லை. "இது கதையில் மட்டும் நடக்குமா, வெளியிலும் நடக்குமா?" என்று கேட்டு இரண்டு பட்டியல்கள் போட வைத்தால் அதுவே நல்ல அறிவியல் வகுப்பு.

புத்தகத்துக்கு எங்கே போவது என்ற கேள்வி இன்று பெரிய தடையில்லை. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற வரிசைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளில் இருக்கின்றன. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே தரவிறக்கலாம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பிள்ளைகள் ஆசையாகப் படிக்கிறார்கள். பல பள்ளிகளில் இந்தப் புத்தகங்கள் கிழிந்துவிடும் என்று பீரோவில் பூட்டப்பட்டிருப்பதுதான் என் கவலை. வெளியே எடுங்கள். ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் ஒரு சிறு சீட்டு ஒட்டி, எந்த வகுப்பு, எந்தப் பாடம், பிள்ளைகள் என்ன கேள்வி கேட்டார்கள் என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். நீங்கள் மாறுதலாகிப் போன பிறகு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியர் அந்த இரண்டு வரியிலிருந்து தொடங்கலாம்.